அந்தோணியாருக்கு விற்ற ஆள்

எங்கள் வார்டில் பாம்பு கடித்த ஒருவன் கிடந்தான். அவன் பொண்டாட்டியைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

வருகிறவர்கள் எல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம், வயலுக்குப் போன மனுசனுக்கு இப்படி ஆகணுமா" என்றார்கள். அவளும் அழுதாள். அழ அவளுக்கு உரிமை இருந்தது. என் கட்டிலுக்கு வந்தவர்கள் என் வீட்டுக்காரரின் மஞ்சள் கண்ணையும் வீங்கிய வயிற்றையும் பார்த்துவிட்டு, "குடியா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றால் அப்படியே நகர்ந்து போனார்கள். பாம்பு கடித்திருக்கக் கூடாதா என்று நான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

என் பெயர் கித்தேரி. ஊர் உவரிக்குத் தெற்கே, கடற்கரை. மீன் எடுத்து திசையன்விளைச் சந்தையில் விற்கிறேன். அஞ்சாம் வகுப்பு வரை படித்தேன். எழுதிப் பழக்கமில்லை. தாசன் அண்ணாச்சி என்று ஒருவர் எழுதச் சொன்னார். அவர் யார் என்று பிறகு வரும். "குடியை விட்ட ஆம்பளைங்க எல்லாரும் சாட்சி சொல்லுதாங்க. வராந்தாவுல கிடந்த பொம்பளைங்க ஒருத்தியும் சொல்லல. நீ எழுது தங்கச்சி" என்றார். இனி அந்த வராந்தாவில் உட்காரப் போகிறவளுக்காக எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் சூசை. வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். ஒரு நாள் விடியக்காலம் எழுந்து பல் தேய்க்கப் போனவர் முற்றத்தில் குனிந்து நின்றார். வாயிலிருந்து ரத்தம். கொஞ்சம் இல்லை. மீன் கழுவின தண்ணீர் மாதிரி ஓடியது, கருப்பும் சிவப்புமாக. வள்ளியூரில் பார்த்துவிட்டு, இங்கே முடியாது என்று பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்சில் அவர் தலை என் மடியில் இருந்தது. அதுவே வெகுநாளுக்கு அப்புறம்தான்.

டாக்டரம்மா சின்ன வயசு. நின்று சொல்ல நேரமில்லாதவர், ஆனாலும் நின்று சொன்னார். ஈரல் சுருங்கிக் கல்லாகிவிட்டது. ஈரல் வழியாகப் போக வேண்டிய ரத்தத்துக்கு வழி இல்லை. எனக்கு ஆற்று வாய் ஞாபகம் வந்தது. தாமிரபரணி கடலில் சேருகிற இடம் மணல் மூடிக்கொண்டால் தண்ணீர் பின்னால் ஏறி, பக்கத்து ஓடைக் கரையை உடைக்கும். அதேதான். ரத்தம் பின்னால் ஏறி, தொண்டைக்குக் கீழே சாப்பாடு இறங்குகிற குழாயில் நரம்புகள் புடைத்து, ஒன்று வெடித்துவிட்டது. வாய் வழியாக ஒரு குழாயை விட்டு, வெடித்த நரம்பைச் சின்ன ரப்பர் வளையத்தால் கட்டினார்கள். மீன்கூடை வாயைக் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தால்தான் எனக்கு விளங்கும்.

"இனி ஒரு சொட்டு குடிச்சாலும் பிழைக்க மாட்டாரும்மா" என்றார் டாக்டரம்மா.

"நானும் கலியாணம் ஆன நாள்லேருந்து அதைத்தான் சொல்லுதேன் டாக்டர்."

"சரி, இப்ப நானும் சொல்லுதேன்."

அவர் சொன்னதற்கு என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். நான் சொன்னபோது தட்டுதான் பறக்கும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பிள்ளைவாள் இருந்தார். பத்திர ஆபீசில் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறைய திருநீறு. அவருக்கும் ஈரல்தான். "ஏம்மா, எனக்கு இது குடியினால வந்ததில்ல. பித்தம்" என்பார். அவர் வீட்டு அம்மா பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறப்பாள். தினமும் உப்பில்லாத இட்லியில் எங்களுக்கும் நாலு சேர்த்துக் கொண்டுவருவாள். வயிற்றில் தண்ணீர் கோத்தவர்களுக்கு உப்பு ஆகாது. உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். கருவாட்டில் வளர்ந்த மனிதருக்கு உப்பில்லாக் கஞ்சி. முதல் வாயை என் சேலையிலேயே துப்பினார்.

குடி நின்று இரண்டு மூன்று நாளில் பித்துப் பிடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது. நிறுத்தினால் மூளை துள்ளும். அப்படியே ஆனது. கை நடுங்கியது. சுவரில் நண்டு ஏறுகிறது என்றார். மருந்து ஏறுகிற குழாயை வலைக் கயிறு என்று நினைத்து இழுத்தார். "ஏலே அந்தோணி, இழுலே! ஏலே ஸ்டீபா, விடாத!" வள்ளத்தில் கூட வருகிறவர்களில் ஒருத்தனையும் விடாமல் கூப்பிட்டார். செத்துப்போன அவர் அம்மாவைக் கூப்பிட்டார். என் பெயர் வரவில்லை. நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "சிஸ்டர், காலை விடுங்க" என்றார் என்னிடம்.

கட்டிலோடு கையைக் கட்டினார்கள். ஊசி போட்டதும் அடங்கினார். அப்போது உச்சி வெயில். நான் எழுந்து வெளியே போனேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில், குகை மாதிரிக் கட்டின ஒரு சின்னக் கெபி உண்டு. உள்ளே அந்தோணியார், கையில் குழந்தை சேசு. இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு நோவு வந்து மருந்துக்குக் கேட்காவிட்டால் அந்தோணியாருக்கு விற்போம். கெபிப் படியில் பிள்ளையைக் கிடத்தி, "இது இனி உம்ம பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நிற்போம். கோயிலைக் கூட்டி மணி அடிக்கிற கோயில்பிள்ளை வந்து அவர் சார்பாகத் தூக்கிக்கொள்வார். சாமியின் பிள்ளையை நோவு தொடாது என்று நம்பிக்கை. பிறகு காணிக்கை போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வோம். விற்றால் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் பிள்ளை அவருடையது. என் மகள் ஜெனியையே கக்குவான் இருமலுக்கு விற்று வாங்கியிருக்கிறேன்.

புருசனை விற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அன்றைக்குப் படியில் நின்று சொன்னேன்.

"இந்த ஆளு எனக்கு வேண்டாம். நீரே வச்சுக்கிடும்."

பக்தியில் சொல்லவில்லை. கோபத்தில் சொன்னேன். வாங்குவதாகவும் நினைக்கவில்லை. திரும்பி வார்டுக்கு வந்து மூத்திரப் பையைக் கொட்டினேன்.

அவருக்குப் புத்தி தெளிந்த பிறகு தாசன் அண்ணாச்சி வந்தார். வண்ணார்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறவர். சவாரிக்கு நடுவே காக்கிச் சட்டையோடு வார்டுக்குள் வந்து, குடியால் படுத்த ஆட்களாகப் பார்த்து உட்காருவார். என் வீட்டுக்காரர் கட்டிலுக்கும் வந்தார்.

"யாரு நீரு?"

"குடிகாரன்."

"இப்பமுமா?"

"இப்ப குடிக்கல. ஆனா குடிகாரன்தான். அந்தா, சன்னல் பக்கத்துக் கட்டில் நான் கிடந்த கட்டிலு வே. கையைக் கட்டித்தான் போட்டிருந்தாங்க."

பிள்ளைவாள் போர்வைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "மதம் மாத்த வந்திருக்காரு போல."

"அவரு வேதக்காரர்தான் அண்ணாச்சி. மாத்த ஒண்ணுமில்ல."

"அப்ப என்னைய வேற கட்டிலுக்கு மாத்தச் சொல்லும். மூட்டைப்பூச்சி கடிக்கி."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கினதும் தாசன் அண்ணாச்சி, "ஜெபிக்கட்டுமா?" என்றார்.

"எனக்குத் தெரியாத ஜெபமா? சின்னப் பிள்ளைல பூசைக்கு உதவி செஞ்சவன் நான்" என்றார் இவர்.

"மனப்பாடம் வேண்டாம் வே. என்னால முடியல, இன்னைக்குப் பொழுது அடையிற வரைக்கும் பிடிச்சுக்கிடுமய்யான்னு சொல்லும். நாளைக்கு உள்ளதை நாளைக்குக் கேப்போம்."

அவர்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்தார்கள். நான் பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது இவர் அழுதுகொண்டிருந்தார். மெதுவாக என்னவோ சொல்கிறார். தாசன் அண்ணாச்சி காதைக் கொடுத்துக் கேட்கிறார். நான் பக்கத்தில் போனதும் பேச்சு நின்றுவிட்டது.

பிறகு கேட்டேன். "அவர்ட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல."

"அழுதீங்களே."

"ஒண்ணுமில்லட்டி."

பதினெட்டு வருஷம் கூட இருந்தேன். என் முன்னால் அவர் அழுததில்லை. வந்து அரை மணி நேரம் ஆகாத ஆட்டோக்காரரிடம் அழுதார்.

அதன் பிறகு ஆள் மாறினார். ஒரே நாளில் இல்லை. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேட்கை வரும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். வேர்த்து ஊற்றும். "சேசுவே, இந்தப் பொழுது, இந்தப் பொழுது" என்பார். நான் தோளைத் தொட்டால் கையை விலக்குவார். உப்பில்லாக் கஞ்சிக்கு முன்னால் சிலுவை போட்டார். வயிற்றில் ஊசி குத்திப் பாட்டிலில் தண்ணீர் இறக்கினபோது சத்தம் போடவில்லை. ஈரல் கெட்டால் அழுக்கு தலைக்கு ஏறி மறுபடி புத்தி தடுமாறும்; அதற்குச் சர்பத்து மாதிரி ஒரு மருந்து. அதைக் குடித்தால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை வயிறு போக வேண்டும். போனது. ஒவ்வொரு முறையும் பாத்திரத்தை எடுத்தவள் நான். பெருமை எல்லாம் அவருக்கு. "சூசை அண்ணனைப் பாருங்க, எவ்வளவு பொறுமை" என்று நர்ஸ் மற்றவர்களுக்குச் சொன்னாள்.

பிள்ளைவாள் ஒரு நாள் காலையில் இல்லை. கட்டிலில் புது விரிப்பு. அந்த அம்மா பிளாஸ்க்கை எடுக்க வந்தாள். "பித்தம்" என்றாள் என்னிடம். அவ்வளவுதான். நான் அவளோடு வாசல் வரைக்கும் போனேன். அடுத்தது நம் கட்டில் என்று நினைத்தேன். அன்றைக்கு என் வீட்டுக்காரர் அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்து ஜெபித்தார். நான் ஒருத்தி பயந்துகொண்டு நிற்பதைப் பார்க்கவில்லை.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிதான். ஆனாலும் வெளியே எடுக்கச் சொன்ன ஸ்கேனும் சாப்பாடும் போக்குவரத்தும் உண்டு. காதில் கிடந்தது போனது. நாத்தனார் ரோஸ் மைனி என் மீன்கூடையைத் தானே எடுத்துச் சந்தைக்குப் போனாள். மீன் விற்றுப் பழக்கமில்லாதவள். வஞ்சிரத்தைச் சாளை விலைக்குக் கொடுத்துவிட்டு வந்து, "எல்லாம் வித்துட்டேன் பாத்துக்க" என்றாள். ஜெனி பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஏறி வந்து என் காலை அமுக்கிவிடுவாள். அப்பா காலை அமுக்கச் சொன்னால், "அவருக்குத்தான் சேசு இருக்காரே, ஒனக்கு யாரு இருக்கா" என்பாள். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்தோம். இரண்டு மூன்று முறை மறுபடி போனோம், நரம்பு கட்டினார்கள். தண்ணீர் போகிற மாத்திரை தினமும். கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வலை பின்னும் கொட்டகையில் உட்கார்ந்து வேலை செய்தார். விடிந்தால் பூசை. வெள்ளிக்கிழமை ஆனால் திருநெல்வேலிக்கு பஸ். அங்கே ஒரு கோயில் கட்டடத்துப் பின்னறையில் தாசன் அண்ணாச்சியும் குடியை விட்டவர்களும் கூடுவார்கள். வேதம் வாசிப்பார்கள். ஒவ்வொருவராகப் பேசுவார்கள். இவர் அங்கே நிறையப் பேசுவார் என்று தாசன் அண்ணாச்சி சொன்னார். வீட்டில் பேச்சு கிடையாது. முன்னே அடிப்பார், ஏசுவார். இப்போது, "சோறு வை", "கதவைச் சாத்து", "ஸ்தோத்திரம்". எல்லோரிடமும் அன்பாக இருந்தார். என்னிடமும் எல்லோரிடமும் போலவே இருந்தார்.

குடிகாரனாக இருந்தபோது அவர் என்னுடைய குடிகாரர். சாக்கடையில் கிடந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். திருந்தின ஆள் எல்லோருக்கும் சொந்தம்.

பாவசங்கீர்த்தனத்தில், கம்பித் தட்டிக்கு உள்ளே இருந்த சாமியாரிடம் சொன்னேன். "சாமி, எனக்கு ஒருத்தர் மேல பொறாமை."

"யார் மேலம்மா?"

"சேசு மேல."

உள்ளே சிரிக்கிற சத்தம். "இதுக்கு என்ன அபராதம் குடுக்கன்னு எனக்குத் தெரியலம்மா. போயிட்டு வா."

திருநாளுக்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்து இவரைச் சாட்சி சொல்ல மேலே கூப்பிட்டார்கள். வெள்ளை வேட்டி. மைக்கைப் பிடித்தார். கை நடுங்கவில்லை.

"சேசு என்னைய சாவுலேருந்து தூக்கினாரு. தாசன் அண்ணாச்சிய அனுப்பினாரு. டாக்டரம்மாவ அனுப்பினாரு. ரத்தம் குடுத்த தம்பிமார அனுப்பினாரு."

நான் காத்திருந்தேன்.

"எல்லாருக்கும் நன்றி."

அந்த எல்லாரில் நான் இருந்தேன். பக்கத்தில் இருந்தவள், "குடுத்து வச்சவ நீ" என்று என் தொடையைத் தட்டினாள். அங்கேயே முடிவு செய்தேன். அந்தோணியாரிடமிருந்து ஆளைத் திரும்ப வாங்கிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் ஜெபம். இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டம் கலைந்ததும், காணிக்கையை மடியிலிருந்து எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்க் கெபிக்குப் போய் லூர்து மாமாவைக் கூப்பிட்டேன். அவர்தான் எங்கள் ஊர்க் கோயில்பிள்ளை.

"மாமா, ஒண்ணு வாங்கணும்."

"பிள்ளை எங்கட்டி?"

"பிள்ளை இல்ல. ஆளு. அந்தா நிக்காரே."

லூர்து மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "சூசையையா வித்த? எங்க வச்சு?"

"பாளையங்கோட்டையில."

"அங்க வித்ததை இங்கன எப்படி வாங்க?"

"அந்தோணியார் ஒருத்தர்தான மாமா?"

"அதுவும் சரிதான்" என்றார் அவர். "அந்த ஆளை வந்து படியில உக்காரச் சொல்லு. படுக்க வைக்க முடியாது, இடம் பத்தாது."

இவர் அதற்குள் வந்துவிட்டார். "என்னத்த வாங்குத?"

"உங்களை."

விவரம் சொன்னேன். சுவரில் நண்டு ஏறின அன்றைக்கு விற்றேன் என்றேன்.

"எவ்வளவுக்கு வித்த?"

"சும்மா."

"சும்மாவா! ஒரு கோழி கூட வாங்கலியா?" சத்தமாகச் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல். சிரித்துக்கொண்டே வந்தவர் என் கையில் இருந்த காசைப் பார்த்ததும் நின்றார். முகம் செத்துவிட்டது.

"வாங்காதட்டி."

"ஏன்?"

"வேண்டாம். அங்கேயே கிடக்கட்டும்."

"என்கிட்ட வந்தா என்ன கொள்ளை போயிரும்? நான் என்ன உங்களுக்குச் சாராயமா ஊத்திக் குடுக்கப் போறேன்?"

லூர்து மாமா மணி அடிக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். மணிக்கு நேரம் ஆகவில்லை. இவர் படியில் உட்கார்ந்தார். எதிரே கடல்.

"எனக்குக் கடலைக் கண்டா பயம்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "எந்தக் கடலு?"

"இந்தக் கடலுதான். சின்னதுலேருந்தே. கரை அலையில வள்ளம் தூக்கிப் போடும்போது எனக்கு உசிரு நிக்காது. குடிச்சாத்தான் கால் ஏறும். கரைக்கு வந்தா, நாளைக்கும் ஏறணுமேன்னு குடிப்பேன். பிறவு அதுவே எசமான் ஆயிட்டு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன சொல்லியிருப்ப?"

யோசித்தேன். பொய் சொல்ல இடம் அது இல்லை. "கடக்கரையில பொறந்துட்டுக் கடலுக்குப் பயமா, சேலையக் கட்டிக்கிட்டு மீன் விக்க வாரும்னு சொல்லியிருப்பேன்."

"ஆமா. ஊரும் அதைத்தான் சொல்லும்" என்றார். "என்னைய நீ வாங்கினா அந்தப் பயந்தாங்கொள்ளிதான் திரும்பி வருவான். பயந்தா அவன் குடிப்பான். அவரு கையில இருக்கையில எனக்குப் பயம் பாதிதான். அப்படியே இருந்துட்டுப் போறேன். விட்டுரு."

கோபப்பட ஒரு ஆள் வேண்டும். அங்கே யாரும் இல்லை. காசை மடியில் முடிந்துகொண்டேன். லூர்து மாமா மணிக்கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து, "வாங்கலியாட்டி?" என்றார்.

"வாங்கல மாமா. அவர்ட்டயே இருக்கட்டும்."

வீட்டுக்கு நடந்தோம். பாதித் தூரம் போனதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"தாசன் அண்ணாச்சிக்குத் தெரியும்."

"அவர்ட்டதான் முதல்ல சொன்னீங்களா?"

"இல்ல. முதல்ல மேல சொன்னேன். அண்ணாச்சி ரெண்டாவது."

"அப்ப நான் மூணாவதா?"

"ஆமா."

பரவாயில்லை என்று எழுத மாட்டேன். எரிந்தது. இப்போதும் எரிகிறது. ஆனால் பதினெட்டு வருஷமாக நான் அந்த வரிசையிலேயே இல்லை.